கிணற்று நீச்சலும் கடல் வாந்தியும்

எப்போதும்வென்றான் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது முன்னால் நின்ற லாரி உறுமிப் புகையைக் கக்கியது. டீசல் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அப்பியது. எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. இத்தனை வருஷம் படகில் வேலை பார்த்தவனுக்கு லாரிப் புகை எம்மாத்திரம்? லீவு முடிந்து நான் தூத்துக்குடிக்குத் திரும்பும்போதெல்லாம் இங்கேதான் நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை வழியனுப்ப நிற்பாய். நீ இல்லாமல் உன் ஊரில் பஸ் நிற்பது இதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நாம் இருவரும் நீந்தப் பழகினோம். யார் வீட்டு வாளி அறுந்து விழுந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே மூச்சில் அடிமண்ணைத் தொட்டு எடுத்து வந்துவிடுவாய். முத்துச்சிப்பியும் சங்கும் கிடக்கும் இடங்களைக் கடலுக்கடியில் போய்ப் பார்த்துச் சொல்லும் அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அந்தக் கிணற்றுத் தைரியத்தில்தான் கிளம்பினோம். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு முங்கும் பயிற்சியில் நீதான் முதல். இப்போதைக்குத் தற்காலிகம், படகில் தாக்குப்பிடிக்கிறவனுக்கு நிரந்தரம் என்றார் அதிகாரி. மழை ஏமாற்றிக்கொண்டே இருந்த பருத்திக்காட்டை விட்டு வந்த உனக்கு அந்த வேலைதான் எல்லாம்.

கிணற்றுத் தண்ணீர் ஆடாது என்பது நம் இருவருக்கும் உறைக்கவே இல்லை. முதல் நாள் துறைமுகத்தைத் தாண்டியதுமே தலை சுற்றியது. அப்போது நாம் செய்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன. கரிசல்காட்டு வெயிலில் வளர்ந்தவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் கால் நிழலைத்தானே தேடும்? "ஏலே, வெயில்ல உக்காராத. இங்கன நெழலுக்கு வா" என்று நீதான் கூப்பிட்டாய். அந்தப் படகில் இருந்த ஒரே நிழல் இஞ்சின் அறை. உள்ளே போய்ப் படுத்தோம். புழுக்கமும் எண்ணெய் நாற்றமும் சேர்ந்து குடலே வெளியில் வந்துவிடும் போல ஆகிவிட்டது. படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டே நம்மை மேலே இழுத்துப் போட்டார்கள். "அங்கன போனா இன்னும் கூடத்தான் செய்யும் அண்ணாச்சி. காத்து மொகத்துல அடிக்கட்டும். கண்ணத் தூரத்துல வைங்க" என்றார் ஒருவர்.

எனக்கு அது பலித்தது. நாளாக நாளாக உடம்பு பழகிக்கொண்டது. உனக்கு மட்டும் ஏன் பழகவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீயும் கண்ணைத் தூரத்தில் வைத்தாய். எலுமிச்சம்பழத்தை மோந்தாய், சுக்கைக் கடித்தாய். வெறும் வயிற்றோடு வந்து பார்த்தாய், அது இன்னும் மோசம். மருந்துக்கடை மாத்திரையைப் போட்டால் கண் சொக்கியது. தூக்கக் கலக்கத்தில் முங்கக் கூடாது என்று அன்றைக்கு உன்னை இறக்கவே மாட்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் போய்விட்டால் நீ வேறு ஆள். "மேலதாம்லே நரகம். கீழ போயிட்டா நம்ம கெணறுதான்" என்பாய். குமட்டல் கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்து அவசர அவசரமாக உன் முதுகில் சிலிண்டரைக் கட்டிவிடுவேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

தெற்கிலிருந்து சோழகக் காற்று அடித்த ஒரு காலையில், யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அதிகாரியே படகில் வந்தார். படகு ஒரு நிலையில் நிற்கவில்லை. உனக்கு முதலில் பச்சையாக வந்தது. பிறகு அதுவும் வராமல் வெறுமனே ஓங்கரித்தாய். "சார், ஒரே ஒருவாட்டி எறக்கி விடுங்க சார். தண்ணிக்குள்ள போனா சரியாயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். நானும் கெஞ்சினேன். "வாய்ல குழாயை வச்சுக்கிட்டு கீழ வாந்தி எடுத்தா உயிர் போயிரும்யா. தெரிஞ்சே எப்படி அனுப்ப?" என்றார் அவர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கோபப்படக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. என்னை இறங்கச் சொன்னார்கள். நீ என் மணிக்கட்டைப் பிடித்து, "எனக்குஞ் சேத்துப் பாத்துட்டு வாலே" என்றாய்.

நீ பருத்திக்காட்டுக்கே திரும்பினாய். எனக்கு வேலை நிரந்தரமானது. ஒரு பொறாமைச் சொல் உன் வாயிலிருந்து வந்ததில்லை. லீவில் வந்தால் வரப்பில் உட்காரவைத்து, "இந்தத் தடவ என்னலே பாத்த?" என்று கேட்பாய். கடலடிப் பாறைப் பார் எப்படிக் கிடந்தது, சிப்பி எங்கே அடர்ந்திருந்தது, திருக்கை மீன் எப்படி மணலைக் கிளப்பிக்கொண்டு போனது என்று ஒன்று விடாமல் சொல்வேன். அவசரமாகச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, திரும்பச் சொல்லச் சொல்வாய்.

காமாலை கண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது பக்கத்தில் இருந்தேன். ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்கவில்லை. பாத்திரத்தை ஏந்தினேன், முதுகைத் தடவினேன். படகில் செய்ததற்கு மேல் எதுவும் செய்ய எனக்கு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டே, என்ன பார்த்தேன் என்று கேட்டாய். சொல்லிக்கொண்டிருந்தேன். நீ தூங்கிவிட்டதாக நினைத்துப் பாதியில் நிறுத்தினேன். மறுநாள் மீதியைக் கேட்க நீ இல்லை.

பஸ் கிளம்பிவிட்டது. நாளைக் காலை மறுபடி கடலுக்குள் இறங்குவேன். கீழே எதைக் கண்டாலும் அது உனக்குச் சொல்லும் வார்த்தையாகத்தான் மனசில் விழும். வேறு மாதிரிப் பார்க்க எனக்குத் தெரியாமலே போய்விட்டது. உன் பங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டுதான் மேலே வருவேன். அதற்கப்புறம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லவில்லையே.