நான் அவித்த உங்கள் வாழை

எந்த வாக்குவாதத்திலும் என்னை ஒருமுறைகூட ஜெயிக்கவிடாத என் அன்பு மச்சானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவதுதான் முறை. பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். இங்கே பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. கலஹாவுக்கு மேலே உங்கள் வீட்டில்கூட மத்தியானத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற முடிகிறது. அக்கா சுகம். என்னைத் திட்டும் சத்தம் பஸ் திரும்பும் வளைவு வரைக்கும் கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

நீங்கள் வைத்த வாழையை நான் கொன்றுவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்களிடம் சொன்னால் அது அக்காவின் காதுக்குப் போகாது, அது ஒரு வசதி.

அந்த வாழையை நீங்கள் நட்ட அன்றைக்கே நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? தேயிலை மட்டும் நடுங்காமல் நிற்கிற மேட்டில் வாழையா என்று கேட்டேன். "வாழைக்குக் குளிரு தெரியாது மச்சான், ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தவருக்குத் தேயிலைத்தூள் தெரியும், வாழை எப்படித் தெரியும் என்று நானும் விடவில்லை. கண்டியில் என் வீட்டு வாழை வாரத்துக்கு ஓர் இலை விடும். உங்களுடையது மாதத்துக்கு ஒன்று விட்டது, அதையும் காற்று கிழித்துத் தோரணமாக்கியது. அப்போதும் நீங்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆவணியில் போயே போய்விட்டீர்கள்.

அதன்பிறகு நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி வந்து அக்காவிடம் ஒரே பாட்டைப் பாடினேன். இந்தக் குளிரில் தனியாக இருக்காதே, என்னோடு கண்டிக்கு வந்துவிடு. கார்த்திகையில் ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் ஒரு பந்தயம் வைத்தாள்.

"அவரு வச்ச வாழ இந்தக் குளிரத் தாண்டிருச்சுன்னா நான் இங்கயேதான் இருப்பேன். தாண்டலன்னா ஒன்னோட வந்துர்றேன். ஆனா அதப் பாத்துக்க வேண்டியது நீதான்."

"நானா? அது செத்தாத்தானேக்கா நீ வருவ?"

"அதுக்குத்தான்டா ஒன்ன வைக்கிறேன். ஒங்கையிலயே பொழச்சிருச்சுன்னா அப்புறம் யாரு வாயத் தொறக்கிறது?"

நகரசபையில் முப்பது வருடம் கோப்புக் கட்டிய எனக்கு இப்படி ஓர் உத்தியோகம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. திருடனையே காவலுக்கு வைத்துவிட்டாள். இருந்தாலும் மச்சான், நான் யோக்கியமாகத்தான் தொடங்கினேன். வெட்கம் பிடுங்கியது, அதனால்தான்.

போனில் தேடினேன். பனிக்கட்டி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு முற்றத்தில் வாழை வளர்க்கிறார். குளிர்காலம் வந்ததும் இலையை எல்லாம் வெட்டிவிடுகிறார். தண்டைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்து, உள்ளே காய்ந்த வைக்கோலைத் திணித்து, மேலே துணி சுற்றி, நோயாளியைப் போல நிறுத்திவிடுகிறார். அதற்குமேல் பார்ப்பதற்குள் என் டேட்டா முடிந்துவிட்டது. பார்த்தவரை போதும் என்று எழுந்தேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகள் எல்லாம் பார்த்தவரை போதும் என்று எழுந்தபோது செய்தவைதான்.

இந்த மேட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? தோட்டத்தில் மானாப்புல் இடுப்பளவு நின்றது. அன்று காலையில் வெட்டிய பச்சைப் புல்லை, பனி ஈரம் சொட்டச் சொட்ட, வாழையைச் சுற்றி மிதித்து அடைத்தேன். சாக்கு சுற்றினேன். காற்றே புகக்கூடாது என்று அதற்குமேல் பொலித்தீன் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினேன். அக்கா வந்து பார்த்தாள். "என்னடா, பார்சல் அனுப்பப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் வந்திருந்தேன். அக்கா கோவிலுக்குப் போன நேரம், நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாமென்று பொலித்தீனைத் தூக்கினேன். குப்பென்று ஆவி வந்தது, மச்சான். கையை உள்ளே விட்டேன், சுட்டது! பச்சைப் புல்லைக் குவித்து மூடினால் உள்ளே வெந்து சூடேறும் என்று தோட்டத்தில் மாடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரைக் கேட்டேன்? தண்டு பழுப்பாக வெந்து, தொட்டதும் கூழாகக் கையோடு வந்தது. ஊரெல்லாம் வாழை குளிரில் சாகும், உங்கள் வாழையை நான் புழுக்கிச் சாகடித்தேன்.

நான் ஜெயித்துவிட்டேன், அல்லவா? அதுதான் இல்லை. வேண்டுமென்றே கொன்றேன் என்றுதான் அக்கா நினைப்பாள். அந்த நினைப்போடு அவள் என் வீட்டில் சோறு தின்பாளா? அதனால் எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டு, உங்கள் மைத்துனன் அடுத்த வேலையில் இறங்கினான். கண்டிக்கு அந்தப் பக்கம் கலகெதரயில் எனக்குத் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு கன்றைக் கிழங்கோடு தோண்டி, சாக்கில் கட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தேன்.

கலஹா பஸ்ஸில் ஆளாளுக்கு விசாரித்தார்கள். வாழைமரத்தோடு ஒருவன் பஸ் ஏறினால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? "எந்த வீட்டுலங்க கல்யாணம்?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். "ஒன்னுதான் கொண்டு போறீங்க, வாசலுக்கு ரெண்டு வேணுமே?" என்று அவர் மனைவி கவலைப்பட்டார். இன்னொன்று பின்னால் வருகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். பொண்ணு யாரு என்று கேட்பதற்குள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

வெந்த தண்டை மண் மட்டத்தில் அறுத்துப் போட்டேன். கிழங்கைத் தோண்ட நேரமில்லை, ஒரு முழம் தள்ளிப் புதியதை நட்டு, பழைய சாக்கையே சுற்றிவிட்டேன். கையைக் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவனாக உட்கார்ந்தேன். அக்கா வந்தாள், பின்பக்கம் போனாள், வந்தாள், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நானும் பாதி குடித்துவிட்டேன்.

"நான் பூசைக்குப் போகும்போது என் இடுப்பு ஒசரம் இருந்துச்சு. விபூதி வாங்கிட்டு வர்றதுக்குள்ள தோள் ஒசரம் வந்திருச்சேடா."

எல்லாவற்றையும் சொன்னேன். புல்லை, ஆவியை, கூழை, கல்யாண வீட்டை. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "சொன்னா சொன்னதுதான், மாசி கடைசில வேன் சொல்லு" என்றாள். புதுக் கன்றை வேலியோரம் மாற்றி நடச் சொன்னாள். அன்றிரவு வேண்டுமென்றே சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துப் பார்த்தேன், அதற்கும் அவள் என்னைத் திட்டவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அக்கா அலுமாரியைக் காலி செய்தாள். உங்கள் சட்டைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் கேட்டது நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமும் இருந்தது, மறைக்கமாட்டேன். என் மனைவி போய்ச்சேர்ந்ததிலிருந்து கண்டி வீட்டில் நான் பேசுவது ரேடியோவோடுதான். அக்காவுக்காகக் கூப்பிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் என்ன மறைக்கிறது, எனக்காகவும்தான் கூப்பிட்டேன்.

வேன் வருகிற காலையில் பின்பக்கம் முகம் கழுவப் போனேன். நான் அறுத்துவிட்ட கறுத்த கட்டைக்குப் பக்கத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு, விரல் நீளத்துக்கு ஒரு குருத்து. சுருட்டிய இலை, நல்ல பச்சை. அந்த வெள்ளைக்காரர் வீடியோவின் மிச்சத்தைப் பிறகு பார்த்தேன். மேலே என்ன ஆனாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருக்கும், குளிர் போனதும் திரும்ப வரும் என்று அவர் கடைசியில்தான் சொல்கிறார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். காலில் செருப்பு இருந்தது. வேன் ஹோர்ன் அடிக்கிற சத்தம் கீழ் வளைவில் கேட்டது.

எவ்வளவு நேரம் நின்றேன்? நீங்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். குனிந்து பார்த்தாள். மண்ணை விரலால் விலக்கினாள்.

"நீதான் மொதல்ல பாத்தியா?"

"ஆமா."

"மிதிச்சிருக்கலாமேடா."

"மிதிச்சிருக்கலாம்தான்."

அவள் எழுந்து சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வாசலில் வேன்காரர் பெட்டியைத் தூக்க வந்து நின்றார். அவரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இவர வெறும் வேனோட அனுப்பாத. கண்டிக்குப் போயி ஒஞ்சாமான ஏத்திக்கிட்டு வா. ஆறு மாசமா தனியா இருக்காத, தனியா இருக்காதங்கிறியே, நீ அங்க யாரோடடா இருக்க?"

அதே வேனில் ஏறினேன், மச்சான். போய் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது குருத்து ஒரு சாண் உயரம். அடுத்த மார்கழியில் காய்ந்த புல்லாகப் பார்த்து, லேசாகப் போட்டு, காற்றோட்டமாகச் சாக்குக் கட்டுவோம். கட்டுவது அக்கா. நான் கயிற்று முனையைப் பிடிப்பதோடு சரி, வாழையில் என் கை படாது. இது உங்கள் மேல் சத்தியம். அக்காவை இனி எங்கேயும் கூப்பிடவும் மாட்டேன். வாழைக்குக் குளிர் தெரியாது என்று நீங்கள் சொன்னது மட்டும் தப்பு. நன்றாகவே தெரிகிறது, இருந்தாலும் வருகிறது. இந்த ஒரு வாதத்திலாவது நான் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்கள் வீட்டிலேயே குடிவந்துவிட்ட,
உங்கள் மைத்துனன்.