அன்ரிமார்க்கபிள் என்று எழுதியிருந்தது

சேலையூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதேபோல் இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். அப்பா சுகம் என்று எழுதுவதை நம்பு, போன வாரம் நானே நம்பாமல் இருந்தேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் டப்ளினுக்குக் கிளம்பும் மாடிவீட்டு ஹெப்சியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பிரசவத்துக்கு அங்கே வரும்போது ஆஸ்பத்திரியில் வாய் மூடி நிற்கக் கூடாது என்று தாம்பரத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன் இல்லையா, ஒவ்வொரு சொல்லுக்கும் அதே அர்த்தமுள்ள சொற்கள் ஒரு பக்கம், எதிர்ச்சொற்கள் ஒரு பக்கம். தினமும் பத்துச் சொல் நோட்டில் எழுதிப் படிக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ஆர்டினரி என்றால் சாதாரணம், முன்னால் எக்ஸ்ட்ரா சேர்த்தால் இன்னும் சாதாரணம் என்றுதானே வர வேண்டும், அபூர்வம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் முன்னால் அன் வந்தால் எதிர்ச்சொல் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஹேப்பி, அன்ஹேப்பி. அதுதான் வினையாகிவிட்டது.

அப்பாவுக்கு வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்தோம். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை நான் மட்டும் போய் வாங்கினேன், டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றே பிரித்துப் பார்த்தேன். லிவர் அன்ரிமார்க்கபிள், கிட்னி அன்ரிமார்க்கபிள், கீழே வரைக்கும் அதே சொல். ரிமார்க்கபிள் என்றால் மிகச் சிறப்பான என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். அப்படியென்றால் அப்பா உடம்பில் ஒன்றுகூடச் சரியில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஆறு மாத வயிற்றோடு இருக்கும் உன்னிடம் எப்படிச் சொல்வேன், அதனால்தான் நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லாமல் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னாடி திடீர்னு இவ்ளோ பாசம், எதையாவது ஒடச்சிட்டியா என்று கேட்டார்.

சனிக்கிழமை மனசு தாங்காமல் கீழ்க்கட்டளைக்குப் போன் போட்டேன். ஆமாம், தபீதாள் சித்திக்குத்தான். நம் புது வீட்டுப் பிரதிஷ்டை விருந்தில் சித்தப்பாவைக் கவனிக்கவில்லை என்று வந்த சண்டையில் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை, அண்ணன் தம்பி கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். டேனியல் சித்தப்பா அப்பா கையைப் பிடித்தவர் விடவேயில்லை, அப்பா ஒன்றும் புரியாமல் என்னையே பார்க்கிறார். சித்தி சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு, தப்பு என் மேலதான்க்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அழுதாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் வெறும் கேஸ்தான், வாயு என்றார். நான் விடாமல் அந்தச் சொல்லைக் காட்டினேன். குறையா சொல்ல ஒண்ணுமில்லன்னு அர்த்தம்மா, நல்ல ரிப்போர்ட்தான் என்றார். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. அப்பா ஆட்டோவில் வீடு வரும்வரை சிரித்தார். எனக்குச் சித்தியை நினைத்துத்தான் கலக்கம். சாகப்போகிறார் என்று நினைத்துக் கேட்ட மன்னிப்பு, அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் நிற்குமா, பொய் சொல்லி வரவழைத்தேன் என்று நினைப்பாளா? இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். அப்புறம், அப்போ ஞாயித்துக்கெழம நாங்க வரதா வேணாமாக்கா என்று கேட்டாள். வா என்றேன்.

அப்பாவிடம் கறி வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது வருஷம் பேசாதவளிடம் சாப்பிட உட்கார்ந்தால் என்ன பேசுவது என்றுதான் புரியவில்லை. இது உன் கைக்கு வரும்போது அவர்கள் வந்து போயிருப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். சித்திக்கு நீயும் ஒரு போன் போடு. அவள் நம்பர் மாறவில்லை.

உன் அம்மா,
செல்வமேரி