நெத்திலிக்கு ஆகாத வார்த்தை

கீரனூர்,
6.7.2025

அன்புள்ள ஷர்லிக்கு,

போனில் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நாயை விட்டுப் போனவள், ஐந்து மாதமாக எட்டிப் பார்க்கவில்லை.

நெத்திலி நன்றாகச் சாப்பிடுகிறது. பெயர்தான் நெத்திலி, உடம்பு வஞ்சிரம். சிக்கல் கூண்டில்தான். நான் வேலைக்குப் போனதும் கதவைக் கடிக்கிறதே என்று கூண்டு வாங்கினேன். திறந்திருந்தால் தானாகவே உள்ளே போய்த் தூங்குகிறது. காலையில் கூண்டைச் சாத்தி, திருச்சி பஸ்ஸுக்குப் பையை மாட்டிக்கொண்டு "வாரேன் நெத்திலி" என்றதும் வாயில் ரத்தம் வரும்வரை கம்பியைக் கடிக்கிறது. சாயங்காலம்வரை ஊளை. ஆடி முடிவதற்குள் நாய் அடங்காவிட்டால் அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டுக்கார முனியாயி அக்கா சொல்லிவிட்டார்.

உன் வீட்டுக்காரர் சூசை அண்ணனைப் பற்றித் தகவல் உண்டா?

உன் ஹேமா

ஜெகதாப்பட்டினம்,
13.7.2025

அன்பு ஹேமா,

கோபித்துக்கொள்ளாதே. அவரைக் கடலில் பிடித்து இலங்கைச் சிறையில் வைத்து ஆறு மாதம். வழக்கு தள்ளிக்கொண்டே போகிறது.

நெத்திலிக்குக் கூண்டைக் கண்டு பயமில்லையடி. அந்த வார்த்தைதான் பயம். கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் அதன் தலையைத் தட்டி, "வாரேன்" என்பார். கடைசியாகப் போனபோதும் சொன்னார். அப்புறம் பத்து நாள் சோறு தின்னாமல் படகுத்துறையிலேயே கிடந்தது. பார்க்கச் சகிக்காமல்தான் உன்னிடம் விட்டேன். உன் வாசலில் நானும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றும் சொல்லாமல் போய்ப் பார். "போறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே. கடலுக்குப் போகிறவர் வீட்டில் அது ஆகாது.

ஷர்லி

கீரனூர்,
10.8.2025

அன்புள்ள ஷர்லி,

சொல்லாமல் போனால் இன்னும் மோசம். அதனால் அந்த வார்த்தையை மெய்யாக்கிவிடலாம் என்று இறங்கினேன். கூண்டைச் சாத்தி, "வாரேன்" என்று சொல்லி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு தெருமுனை, பிறகு பஸ் ஸ்டாண்டு. லீவு நாளில் இருபது தடவை. "எங்கிட்டுப் போறே, எதுக்கு வாரே, ஒனக்கு என்னத்தா ஆச்சு?" என்றார் முனியாயி அக்கா.

மூன்றாம் வாரம் ஊளை குறைந்தது. நேற்று முழு நாளும் சத்தமில்லை. அக்காவே மீன்தலை வேகவைத்துக் கொண்டுவந்தார். இனிமேல் நெத்திலி என் நாய். சொல்லிவிட்டேன்.

ஹேமா

ஜெகதாப்பட்டினம்,
8.9.2025

ஹேமா,

அவர் வந்துவிட்டார். பாதி உடம்புதான் வந்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நெத்திலி எங்கே என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவர அங்கே வருகிறார். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாயில்லை. மன்னித்துவிடு.

ஷர்லி

கீரனூர்,
15.9.2025

அன்புள்ள ஷர்லி,

சூசை அண்ணனைப் பார்த்ததும் நெத்திலி குழந்தைபோல அழுதது. அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. நான் அதன் தட்டையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டேன். வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அண்ணன் கூண்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். சாத்திவிட்டு, "வாரேன்" என்று சொல்லிப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது நெத்திலி தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் டீயைக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"அடுத்த வாரம் மறுபடி கடலுக்குக் கெளம்பணும், தங்கச்சி. இன்னொரு தடவை இதைக் காக்க வைக்க முடியாது. ஒங்கிட்டயே இருக்கட்டும்."

கிளம்பும்போது குனிந்து அதன் தலையைத் தட்டினார். "போறேன், நெத்திலி" என்றார். நீ இருந்திருந்தால் அவர் வாயைப் பொத்தியிருப்பாய். நெத்திலி அவர் கையை நக்கிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டது.

நான்தான் அழுதேன்.

ஹேமா