நம் பெயர் தைத்த தலையணை

மார்ச் 4, இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். உங்கள் மருமகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. அந்த இரண்டு பல்லுக்காக வீடே விழித்திருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் என் குரல் ஏறும், அவன் எழுந்துவிடுவான். அதனால்தான் எழுத்து.

அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா? புதிதாக வந்த தையல்காரம்மாவுக்குக் கை பழகிவிட்டதா? நான் பிரசவத்துக்கு ஒதுங்கியதிலிருந்து நம் கூட்டுத் தலையணைப் பட்டறையை நீங்கள் ஒண்டியாகத்தான் இழுக்கிறீர்கள். அதை நான் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கீழ்வீட்டு நர்ஸ் தன் கைக்குழந்தைக்கு, கடைவீதியில் நம் தலையணை ஒன்றை வாங்கியிருக்கிறாள். நேற்று அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"அக்கா, இது உங்க கம்பெனிதானே? கொஞ்சம் மோந்து பாருங்க."

"புதுத் துணி வாசனையா இருக்கும்மா."

"துணியை விடுங்க. அமுக்கிட்டு மோந்து பாருங்க. எங்க வார்டு தரையே இதுக்குத் தேவலை. பிள்ளைக்குக் கன்னம் பூரா தடிப்பு."

அமுக்கினேன். உள்ளேயிருந்து ஒரு மூச்சு வந்தது, அண்ணி. ஊறிப்போன சாக்கும் வேர்வையும் சேர்ந்த வாடை. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். தையலைப் பிரித்தேன். சாம்பல் நிறக் கட்டிகள். மஞ்சள் கறை. நீளமாக ஒரு முடி, இழுக்க இழுக்க வந்தது. அப்புறம் ஒரு பிளாஸ்திரித் துண்டு. யார் காயத்தில் ஒட்டியிருந்ததோ, ஓரத்தில் இன்னும் பிசுபிசுத்தது. இரண்டு முறை கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டேன். மூன்றாம் முறையும் கழுவினேன்.

வெளியே நாம் தைத்த அதே வாத்துப் படம். 'புதுப் பஞ்சு' என்ற அதே சீட்டு. பஞ்சுக் கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரைக் கூப்பிட்டு நன்றாகக் கேளுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

முதலில் நீ தூங்கு. பிள்ளை பெற்றவள் விடிய விடிய முழித்துக்கொண்டு தலையணையைக் கிழித்தால் எல்லாம் பூதமாகத்தான் தெரியும். உன் அண்ணனுக்கு முதுகு தேவலை, வாய்தான் இன்னும் குறையவில்லை.

பஞ்சுக் கடைக்காரர் பாவம், அவரைத் திட்டாதே. அவரிடம் வாங்குவதை நான்தான் நிறுத்தினேன். பழைய மெத்தை உரிக்கிற ஒருவர் கிடைத்தார். வெந்நீரில் அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டுத்தான் அடைக்கிறோம். ஒன்றிரண்டில் கட்டி கிட்டி இருக்கும். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். தலையணையைப் பிரித்துப் பார்க்கிறவள் உன்னைத் தவிர யார் இருக்கிறாள்?

உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று மூக்கை உறிஞ்சாதே. பிரசவத்துக்குக் கிளம்பும்போது கடை கடையாகப் போய் "அண்ணி சொன்னா நான் சொன்னதா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனது யார்? எடுத்துக்கொண்டார்கள்! இன்னொன்று, ஆர்டரில் கையெழுத்து என்னுடையது. நாளைக்கு ஏதாவது என்றால் என்னோடு போகட்டும், உன் மேல் தூசி விழாது.

நம் குழந்தையை நினைத்துப் பயந்துகொண்டிருப்பாய். பயப்படாதே. அவனுக்கு அனுப்பியது சுத்தப் புதுப் பஞ்சு. அதைத் தனியாக எடுத்துவைத்து என் கையாலேயே தைத்தேன்.

உன் அண்ணி

மார்ச் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அவன் தலையணையைத் தொடவே பிடிக்கவில்லை.

தெரியாமல் செய்திருந்தால் அவனுக்கும் அதையே அடைத்திருப்பீர்கள். தனியாக எடுத்துவைத்தீர்களே, அப்படியானால் மற்றதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதானே? வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, விலை கொடுத்து வாங்கும் பிள்ளைக்கு ஒன்று. அந்தப் பிளாஸ்திரியைக்கூட நான் தாங்கிவிட்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். உங்கள் மேல் புகார் சொல்லப் போகவில்லை. 'கையெழுத்து என்னுடையது' என்று எழுதினீர்களே, அது நிஜமா என்று கேட்கத்தான். அவர் சிரித்துவிட்டார்.

"கூட்டு வியாபாரத்துல உங்க கை, அவங்க கைன்னு ரெண்டு கிடையாதும்மா. ஒவ்வொருத்தரும் மத்தவங்களுக்கு ஏஜென்ட். அவங்க கம்பெனிக்காகப் போட்ட கையெழுத்து நீங்க போட்டதுதான். யார் கேஸ் போட்டாலும் ரெண்டு பேர் மேலயும் வரும்."

"எனக்கு எதுவுமே தெரியாதே மேடம்?"

"அவங்களுக்குத் தெரியுமில்ல? கம்பெனி விஷயத்துல கூட்டாளிக்குத் தெரிஞ்சா உங்களுக்கும் தெரிஞ்ச கணக்குதான்."

அண்ணி, இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிகிறதா? பழைய மெத்தையில் என்ன இருந்தது என்று நீங்கள் பார்த்த அன்றே நானும் பார்த்துவிட்டேனாம். நான் இங்கே தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, அங்கே முடியும் சீழும் ஒட்டிய பஞ்சை நானும் அடைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் வெறும் காகிதப் பேச்சு என்றுதான் கல்லூரியில் பாடமாகப் படித்தபோது நினைத்திருந்தேன். இப்போது அது என் நகக்கண்ணில் நாறுகிறது.

சரி, விலகிக்கொள்கிறேன் என்றேன். மனசுக்குள் விலகினால் போதாதாம். "அவங்க சொன்னா நான் சொன்னதுன்னு எந்தெந்தக் காதுல போட்டீங்களோ, அந்தந்தக் காதுல போய் இனிமே இல்லைன்னு சொல்லுங்க. சொல்லாத வரைக்கும் அவங்க அடைக்கிற ஒவ்வொண்ணும் நீங்க அடைக்கிறதுதான்" என்றார்.

ஆகவே போகிறேன். விலகுவதைச் சொல்ல மட்டுமல்ல, தலையணைகளைத் திருப்பிக் கேட்கவும் போகிறேன். நீங்களும் கூட வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்கலாம். நர்ஸின் குழந்தைக்கு இப்போது இருமலும் சேர்ந்திருக்கிறது.

நாத்தனார்

மார்ச் 17

குட்டி,

கூட வரமாட்டேன். நீயும் போகாதே. போனால் நம் வாத்துப் படத்தைப் பார்த்தாலே ஊர் காறித் துப்பும். தையல்காரம்மா வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான், அதை யோசித்தாயா? வக்கீலுக்குச் சட்டம் தெரியும், குடும்பம் தெரியாது. யாரோ ஒரு நர்ஸுக்காக அண்ணன் வீட்டு வாசலை அடைத்துக்கொள்ளாதே. உனக்காகப் பாரபட்சம் பார்த்தது தப்பா? உன் பிள்ளை என்பதால்தானே பார்த்தேன்?

அண்ணி

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

போய்விட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். உங்களைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க தலையணைல அழுக்குப் பஞ்சு போயிடுச்சு, திருப்பிக் குடுங்க. இனிமே நான் இந்தக் கம்பெனில இல்லை" என்றுதான் சொன்னேன். 'எங்கள்' என்று சொல்லும்போது நாக்கில் கசந்தது. வேறு எப்படிச் சொல்வது?

பொம்மைக் கடைக்காரர் விடவில்லை. "முன்னாடி அண்ணி சொன்னா நீங்க சொன்னதுன்னீங்க. இப்ப நீங்க சொன்னா யார் சொன்னதும்மா?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மூட்டையைக் கட்டினேன்.

திரும்பி வந்த தலையணைகளை ஒரு இடம் விடாமல் கிழித்துப் பார்த்தேன். என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

தையல்காரம்மா போனில் அழுதார். பாதிச் சரக்கு எனக்குத் தெரியாத புதுக் கடைகளுக்குப் போயிருக்கிறதாம். நீங்களே நேரில் கொண்டுபோய்ப் போட்டீர்களாம், எங்கே என்று அவருக்கும் தெரியாதாம்.

நர்ஸின் குழந்தை தேறிவிட்டது. ஏனென்றால் அதன் அம்மாவுக்கு எதை மோந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி அம்மா அமைவதில்லை. புதுத் துணி வாசனையை நம்பி, இன்று எத்தனை பேர் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்திருக்கிறார்களோ.

இத்துடன் அனுப்பும் விலகல் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் போங்கள். அண்ணன் வீட்டு வாசலை அடைத்தாலும் அடையுங்கள். இதுவரை போன சரக்குக்கு வழக்கு வந்தால் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டாவது உட்காருவேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் புதுக் கடைகள் எவை, எந்தத் தெருவில் இருக்கின்றன, அதை மட்டும் எழுதுங்கள். நலம் விசாரிக்கக்கூட வேண்டாம்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

குட்டி