நாற்காலிப் பக்கத்து இடம்

ஓசூர்,
கார்த்திகை, 1957

அன்பு மகள் லூர்துமேரிக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் தயவில் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. கடலோர ஊரின் உப்புக் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா, தலைவலி விட்டதா என்று முதலில் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

மழை நின்று குளிர் பிடித்துவிட்டது. காலையில் எதிர்வீடு தெரிவதில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கினோம். விற்ற திம்மராயன், தெலுங்குல கூப்ட்டாத்தான் சார் திரும்பும், தமிழுக்குக் காதே குடுக்காது என்று சொல்லி அனுப்பினான். உன் அம்மா இப்போது கொட்டிலில் மட்டும் தெலுங்கு பேசுகிறாள். என்னைக் கண்டால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

உன் கடிதத்தை நேற்றும் எடுத்துப் படித்தேன். நீ பாடம் நடத்தும் வகுப்பில் நடுவருஷத்தில் சேர்ந்த அந்தச் சிலோன் பிள்ளையோடு யாரும் சேர்வதில்லை, கேலி செய்தவளை அவள் கடித்துவிட்டாள், இன்னொரு முறை நடந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார், அதனால் அவளை உன் நாற்காலிப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாய், இப்போது கடிப்பதில்லை. சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. கடிக்கவில்லை, சரி. யாரோடாவது பேசுகிறாளா? கடிதம் முழுக்க அந்தச் சிலோன் பிள்ளை என்றே இருக்கிறது. அவளுக்குப் பெயர் இருக்குமே அம்மா. நீயே சொல்லாவிட்டால் வகுப்பில் யார் சொல்வார்கள்.

ஆனேக்கல்லிலிருந்து நாம் இங்கே வந்த வருஷம் உனக்கு நினைவிருக்காது. உன் வாயில் கன்னடம்தான். பள்ளியில் அதையும் பேசமாட்டாய். ஊமை என்றே பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். நான் சாந்தம்மா டீச்சரிடம் போய், குழந்தையை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எம்பக்கத்துல வெச்சா எங்கூடதான் சார் பேசுவா, எனக்குப் பேச ஆளா இல்ல, என்றார். கோபமாகத் திரும்பி வந்தேன். அந்த அம்மாள் உன்னைக் கொண்டுபோய் முனிசாமி மகள் காவேரி பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரை யாரும் தானாக மொண்டு குடிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஊற்ற வேண்டும், கை குவித்துக் குடிக்க வேண்டும், குடிப்பவர் போதும் என்று சொல்லும்வரை ஊற்றுபவர் நிறுத்தக் கூடாது. வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவரும் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். அதற்காகச் சிலர் வீட்டிலிருந்து சண்டைக்கு வந்தார்கள். டீச்சர் அசையவில்லை. உன் முறை வந்தபோது நீ போதும் என்று வாய் திறக்கவில்லை. காவேரி ஊற்றிக்கொண்டே இருந்தாள். முழங்கை, பாவாடை, தரை எல்லாம் தண்ணீர். இன்னாடீ, ஏரியையே குடிச்சிடுவியா என்று அவள் கேட்க, வகுப்பே சிரித்ததாம். நீ அழுகையும் கோபமுமாக, ஸாக்கு, ஸாக்கு என்று கத்தினாயாம். போதும் என்பதற்குக் கன்னடம்தான் உனக்கு வந்தது. அடிப்பாவி, பேசுது டீச்சர், பேசுது என்று காவேரி குதித்தாளாம். மறுநாள் நீ ஊற்றும்போது அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். இரண்டு பேரும் நனைந்து வீட்டுக்கு வந்தீர்கள். உன் அம்மா திட்டினாள். நீ கேட்டதாகவே தெரியவில்லை. அந்தச் சாயங்காலத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஈரப் பாவாடை. வாசலுக்கு வெளியே காவேரியின் குரல்.

அதையே நீயும் செய் என்று சொல்லவில்லை. உன் ஊருக்கு வேறு ஏதாவது இருக்கும். இருவர் சேர்ந்தால்தான் முடியும் வேலையாக இருக்கட்டும். நீளப் பாயைச் சுருட்டுவது போல. ஆளாளுக்கு ஒரு முனை. சாதுவான பிள்ளையோடு சேர்க்காதே, இரண்டும் பேசாமல் இருந்துவிடும். அவள் கடித்தாளே, அந்தப் பிள்ளையோடே சேர்த்துப் பார். பயமாகத்தான் இருக்கும். நீ கொஞ்சம் தள்ளி நில், ஆனால் கண் எடுக்காதே. தலைமை ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி, பொங்கல்வரை தவணை கேள். உன் நிழலில் உட்கார்ந்திருக்கிறவரைதான் அவள் கடிக்கமாட்டாள். நீ காய்ச்சலில் ஒருநாள் படுத்தால்?

உன் பக்கத்திலிருந்து அவள் எழுந்து போன பிறகு சில நாள் உன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். அது உனக்கு வலிக்கும். நீ வேலைக்குப் புறப்பட்ட காலை, பஸ் கிளம்புவதற்கு முன்பே பக்கத்து சீட்டு அம்மாளோடு எதையோ கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். தருமபுரி போகிறவளாம். நாங்கள் ஜன்னலுக்குக் கீழேயே நின்றோம். வண்டி நகர்ந்தது, நீ எங்கள் பக்கம் திரும்பவில்லை. அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். நான் அழவில்லை. இனி பயமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

அந்தப் பிள்ளையை நாளைக்கே உன் பக்கத்திலிருந்து எழுப்பி வேறிடத்தில் உட்கார வை. யார் பக்கத்தில் என்று மறக்காமல் எழுது. தேவமாதா உன்னையும் உன் வகுப்பையும் காக்கட்டும். அம்மாவின் முத்தங்கள்.

உன் அப்பா,
சகாயநாதன்