அப்பா பாடிய பஸ் பாட்டு

அன்புள்ள என் வாலுப் பையனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், நம்புவதற்கு என்ன செலவு. அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள், சின்னவன் என் நூல்கண்டுகளை உருட்டி வீட்டையே சிக்கலாக்கிவிட்டான். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, தைக்க வேண்டிய சீருடை மலையாகக் குவிந்திருக்கிறது, கழுத்து வலிதான் மிச்சம். போனில் சொன்னால் அவசர வேலை என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்றதிலிருந்து நீ என்னோடு மட்டும்தான் பேசுகிறாய், அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றால் உடனே உனக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. எனக்குத் தெரியாதா. போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டால் உன்னால் தாங்க முடியாது. உன்னைக் குறை சொல்லவில்லை, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அவர் தலையணையைக் குத்துவதைப் பார்த்துவிட்டு நானே சமையலறையில் போய் அழுதிருக்கிறேன். இந்தக் கடிதம் அழுவதற்கு இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை மதியம் தைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் மாட்டிய பிறகு மெஷின் ஒரே சீராக ஓடுகிறது. பின்னால் யாரோ பாடுகிற சத்தம். பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தேன். மெஷினை நிறுத்தினால் பாட்டு நின்றது, ஓட்டினால் மறுபடி வந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா! கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல். எந்தப் பாட்டு தெரியுமா, விழுந்து விழுந்து சிரிப்பாய், அந்த பஸ் பாட்டு. காதலியின் பஸ்ஸை விட்டுவிட்டு ஒருத்தன் ரோட்டில் நின்று புலம்புவானே, அதேதான்.

அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு பாட்டுப் பதிவு என்றால் ஸ்டூடியோவில் வயலின்காரர்களே வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அப்பா இரண்டாவது வரிசை ஓரம். ஒருத்தர் தும்மினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பஸ் பாட்டை யாரோ ஒரு பையன் ஒரு கீபோர்டையும் தாள மெஷினையும் வைத்துக்கொண்டு தனியாகவே முடித்துவிட்டான். டீக்கடை, சலூன், கல்லூரி வாசல், எங்கே போனாலும் அதுதான். அந்தப் பாடகன் மாதிரி தூக்கிவிட்ட காலர் தைத்தே என் விரல் தேய்ந்தது. அப்புறம் படம் எடுக்கிற எல்லோருக்கும் அதே மாதிரி வேண்டுமாம். ஸ்டூடியோவிலிருந்து அப்பாவைக் கூப்பிடுவது குறைந்து, கடைசியில் நின்றே போனது. வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகப் போனார். நீயோ அந்த வருஷம் முழுக்க உன் அறையில் அதே கேசட்டைத் தேய்த்தாய். "டேய் வாலு, பஸ்ஸப் புடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் ஒரு பாட்டா, அதுவும் தகரத்தத் தட்டி" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவார். பிறகு நீயும் கம்ப்யூட்டரில் இசை போடுகிற வேலைக்கே போனாய், அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, நீயும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒன்று, அந்தக் கீபோர்டுப் பெட்டி வராமல் இருந்தால் ஸ்டூடியோ வாசலைக்கூட மிதித்திருக்க முடியாத எத்தனையோ பிள்ளைகள் பாட்டுப் போட்டார்கள், நீயும் அதில் ஒருத்தன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் சொன்னேன், துள்ளிவிட்டாள். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு தங்கிவிடுமாம், அதைப் பிடித்துக்கொண்டே பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவரலாமாம், "அவசரப்படாதீங்கம்மா, ஆனா நம்புங்க" என்றாள். இத்தனை பாட்டுக்கு வாசித்த மனுஷனுக்கு இதுதானா வர வேண்டும் என்று கேட்டேன். வாசித்த பாட்டில் வார்த்தையை யார் கவனிப்பார்கள் என்றாள், இதைத்தான் வாசிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இப்போது அந்த மெட்டிலேயே தண்ணீர் கேட்கிறார், ஃபேன் போடச் சொல்கிறார். நேற்று குழம்பில் உப்பில்லை என்று ராகம் போட்டுப் பாடினார். வாய் வந்ததும் முதல் வேலையைப் பார். எனக்குக் கோபமே வரவில்லை, இன்னொரு தடவை பாடுங்கள் என்றேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் தடை. பல்லவி முடிந்ததும் அந்தக் கீபோர்டு வயலின் மாதிரியே இழுக்குமே, அங்கே நின்றுவிடுகிறார். நான் தனனனா என்று எடுத்துக் கொடுத்தால் இடது கையை ஆட்டி என்னை அடக்கிவிட்டு, உன் அறைச் சுவரையே பார்க்கிறார். அந்த இடம் வந்தால் கேசட்டை மீறி வாயாலேயே வாசித்து வீட்டை இரண்டாக்கியது நீதானே. இன்று காலை அந்த மெட்டில் புதிதாக ஒரு வரி பாடினார். "வாலு எங்கே, வாலு எங்கே" என்று.

நீ நல்லா இரு கண்ணா, எந்தக் குறையும் இல்லாமல் இரு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், என்ன பேசுவது என்று யோசிக்காதே, ஒன்றும் பேச வேண்டாம். போனை அவர் காதில் வைக்கிறேன். தாளத்தை என் மெஷின் பார்த்துக்கொள்ளும், பல்லவியை அவர் பாடுவார், அவர் நிறுத்தியதும் நீ வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா