பொட்டு ஒட்டிய சட்டம்

3 ஜூன், செவ்வாய்

பாலவனத்தம் சண்முகவேல் அண்ணாச்சி தன் வீட்டு டிரெஸ்ஸிங் டேபிளை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அசல் தேக்கு. ஆனால் என்ன கோலம்! கண்ணாடியில் ரசம் போய்விட்டது. இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஸ்டிக்கர் பொட்டு.

"சுவாதிக்கு ஆவணியில கல்யாணம்மா. இது அவ அம்மா பொழங்குனது. மகளுக்குத் தெரியாம புதுசாக்கிக் குடுக்கணும்." அவர் மனைவி இறந்து மூன்று வருடமாம்.

கவலையை விடுங்க அண்ணாச்சி என்றேன். அருப்புக்கோட்டையில் பழைய மரத்துக்கு என்னை விட்டால் வேறு யார்?

5 ஜூன்

இழுப்பறை இப்போது விரல் பட்டாலே ஓடுகிறது.

7 ஜூன், சனி

பிளேடும் தின்னரும் வைத்துப் பொட்டுகளையெல்லாம் சுரண்டி எடுத்தேன். படுக்கப் போகும்போது ஒட்ட வேண்டியது, காலையில் புதுசு எடுக்க வேண்டியது! (என் பீரோவும் அப்படித்தான்.) இடது சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷும் கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "கண்ணாடியே வேணாம் போல, மரத்துலயே மூஞ்சி தெரியுது." உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

8 ஜூன், ஞாயிறு

அவளுக்குத் தெரியக் கூடாது என்பதையே மறந்து நான் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு சுவாதியே வந்துவிட்டாள். இடது சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, அம்மா ஒட்டுன பொட்டெல்லாம் எங்க?"

குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது. அதைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போறன்னைக்கு ஒட்டிட்டுப் போனதும் அதுலதான் இருந்துச்சு. எனக்கு இது வேணாம். அப்பாவே வச்சுக்கிரட்டும்."

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்... ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்?

9 ஜூன்

வலது சட்டத்தை இன்னும் தேய்க்கவில்லை. காலை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். பொட்டு இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக வெளுத்திருக்கிறது. வெயில் படாமல் பொட்டு மூடியிருந்த மரம். சிறிசு, பெரிசு, ஒன்று மட்டும் நீளப் பொட்டு. சனிக்கிழமை இதே வட்டங்களைக் கறை என்று நினைத்தேன். அடர் பாலிஷில் மறைக்கவும் இருந்தேன்!

உப்புத்தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அழுக்கை மட்டும் துடைத்து, நிறமில்லாத பாலிஷ் போதும். இது எனக்குக் கைவந்த வேலை.

11 ஜூன்

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "ஒரு பக்கம் பளபளங்குது, ஒரு பக்கம் அம்மை போட்ட மாதிரி இருக்கு. கல்யாண வீட்டுல நாலு பேரு என்ன சொல்லுவாக?"

மாற்ற மாட்டேன் என்றேன். அவை என்ன வட்டங்கள் என்றும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெரிய வட்டம் ஒன்றில் விரலை வைத்தார். "தீவாளிக்குத்தான் இம்புட்டுப் பெருசா வைப்பா." விரல் அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தது.

15 ஜூன்

நானே கொண்டுபோய் இறக்கினேன். "இடது பக்கம் என் தப்பு சுவாதி, அதத் திருப்பித் தர முடியாது. வலது பக்கத்தப் பாரு" என்றேன். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கிளம்பும்போதும் அங்கேயேதான் நின்றாள்.

2 ஜூலை

சுவாதி போட்டோ அனுப்பியிருக்கிறாள். இடது சட்டம். என் பாலிஷுக்கு நட்டநடுவே ஒரு மெரூன் பொட்டு. கீழே, "இந்தப் பக்கம் நான் ஆரம்பிச்சிட்டேன்க்கா."

பசை பட்டால் அந்தப் பாலிஷ் என்னாகும்! வேறு யாராவதாக இருந்தால் வீடு தேடிப் போய்த் திட்டியிருப்பேன். ஒட்டட்டும்.